பை தூக்க வந்த பெண்

வேஷம் கட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போகிறவன் முதலில் எடுத்துவைக்க வேண்டியது ஊக்கு. ஒன்றிரண்டு இல்லை, ஒரு டப்பா. அடுத்து பசை, தடித்த நூல் கோத்த ஊசி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், வேஷத்தின் கண்ணில் எரியும் விளக்குக்கு மாற்று பேட்டரி. இதெல்லாம் வேஷத்துக்கு. கத்துக்குட்டிகள் இதோடு பையை மூடிவிடுவார்கள். வேஷத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பதே அவர்களுக்கு மயக்கம் போட்டு விழுந்த பிறகுதான் ஞாபகம் வரும். அந்த ஆளுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். நீளமான உறிஞ்சுகுழல், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், கையடக்க மின்விசிறி, ஈரத்துண்டு, மாற்று பனியன், பவுடர், செருப்பு. நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி மூட்டை கட்டலையே," என்றாள் மனைவி.

"கல்யாணத்துல வேர்த்தா துடைச்சுக்கலாம். இதுல முடியாதே."

"வேர்க்கத்தான் வேணும்னா அடுப்படிக்கு வாங்களேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் எவன்?

என் தொழில் ஏசி ரிப்பேர். ஊரில் பாதிப் பேரைக் குளிரவைத்துவிட்டு, லீவு நாளில் நுரை ரப்பருக்குள் வெந்து சாகிறவன் நான். ஏசி குழாயைச் சுற்றிப் போர்த்துகிற கறுப்பு நுரைக்குழாய் மிஞ்சும் அல்லவா, அதை வெட்டி வெட்டி ஒட்டி ஒரு வேற்றுக்கிரக ஜந்து செய்திருக்கிறேன். ஏழடி உயரம், ஆறு கை. இரண்டுதான் என்னுடையது, மற்ற நாலும் சும்மா ஆடும். எந்தப் படத்திலும் கதையிலும் வராத ஜந்து, முழுக்க என் சொந்தச் சரக்கு. அறிவியல் கதைப் பைத்தியங்கள் எல்லாம் வேஷம் போட்டுக்கொண்டு கூடுகிற மாநாட்டுக்கு வருஷா வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு போவேன். மாநாடு என்றதும் எதிர்வீட்டுக்காரர், "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். "இன்னும் பூமிக்கு வராத கட்சி," என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

இந்த வேஷத்தில் ஒரே ஒரு சங்கடம். தனியாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. தலையின் கொக்கிகள் பிடரியில் இருக்கின்றன. கையுறைக்கு மூன்றே விரல், ஒவ்வொன்றும் வாழைத்தண்டு கனம். அதனால் பையோடு கூடவே ஒரு துணையாள் வேண்டும். வழக்கமாக வருகிறவன் என் சிநேகிதன், பள்ளிக்கூட வாத்தியார். உடம்பைப் பார்த்துப் பிள்ளைகள் சாக்பீஸ் என்று பேர் வைத்தார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை மாநாடு, சனிக்கிழமை சாக்பீஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பொண்ணு சும்மாதானே இருக்கா, கூட்டிட்டுப் போங்க," என்றாள் மனைவி.

மகள் கல்லூரியில் இரண்டாவது வருஷம். செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஒரு ஈ காக்கா வராது."

ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? என் வண்டியில் வந்தால் கல்லூரிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வாள். வண்டிப் பெட்டியில் 'ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் பெயின்ட் அடித்திருக்கிறது. நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால்தானே பதில் வரும்.

அப்படிப்பட்டவள் வருகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேஷப் போட்டிப் பரிசு கிடக்கட்டும். என்னால் அவளுக்கு ஒரு தலைகுனிவும் வராமல் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும், அது போதும் என்றிருந்தது. "என் முகமே வெளியே தெரியாதேம்மா," என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

காலையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. மண்டபத்தின் பின்னறையில் தலையை மாட்டிக் கொக்கி போட்டு, பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். "அப்பா, நிஜமாவே பயமா இருக்கேப்பா!" என்று சிரித்தாள். கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஜந்துவின் வாயில் இருக்கும் வலை வழியாகத்தான் எனக்குப் பார்வை, அதில் நேர் முன்னால் இருக்கிறது மட்டும்தான் தெரியும். அவள்தான் கண். அவ்வப்போது உறிஞ்சுகுழலை வாய்க்குள் விடுவாள், விசிறியைக் காட்டுவாள். ஒரு குட்டிப்பயல் என் நுரைக்கையைப் பிடித்துத் தொங்கியபோது, "டேய், பிச்சுடாதே, அதுக்கு ஆறுதான் இருக்கு," என்றாள். உள்ளே நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி சரிந்துவிட்டது. தள்ளிவிட விரல் ஏது? சரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

மத்தியானம் மேடை ஊர்வலம். அதற்குக் கொஞ்சம் முன்னால், சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். சட்டென்று என் கையிலிருந்து அவள் கை விலகியது.

"ஏய்! நீ எங்கடி இங்க?"

இரண்டு பெண்கள், ஒரு பையன். கழுத்தில் தொண்டர் அட்டை. அவள் வகுப்புப் பிள்ளைகள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"செமையா இருக்குடி இது. உள்ள யாரு?"

"தெரியாதுடி," என்றாள் என் மகள். "யாரோ ஒரு ஆளு. பை தூக்க ஆள் வேணும்னாங்க, வந்தேன்."

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். இருமிவிடுவேனோ, குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாவம், நாள் கூலிக்கு வந்திருப்பாரு," என்றான் பையன்.

"இருக்கும்," என்றாள்.

அவன் என் நெஞ்சில் விரலால் தட்டினான். "அண்ணே, உள்ள உயிரோட இருக்கீங்களா?" நான் ஜந்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பெற்றவனுக்குத் தெரியாதா, அது சிரிப்பே இல்லை.

அப்போதுதான் வெட்கம் வந்தது. ஐம்பதைத் தொடப்போகிற மனுஷன். தோளுக்கு மேல் வளர்ந்த பெண்ணை வைத்துக்கொண்டு, ஆறு கையோடு, கண்ணில் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு நிற்கிறேன். அவள் வேறென்ன சொல்வாள்? "இதுதான் எங்க அப்பா" என்று சொல்லியிருந்தால்தான் அதிசயம். என்னைப் பார்க்க எனக்கே கூசியது.

எதிர்க் கடையில் குளிர்பானம் குடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். "பை?" என்றாள். "அங்கேயே வைடி, யார் எடுக்கப்போறா?" என்றாள் ஒருத்தி. என் காலடியில் பை வந்து இறங்கியது. போகும்போது என் பக்கம் திரும்பி, "சார், இதோ வந்துடறேன்," என்றாள்.

சார்.

காலடியில் எல்லாம் இருந்தது. தண்ணீர், குழல், விசிறி, துண்டு. ஒருத்தனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து யோசித்து அடுக்கியவன் நான்தான். திறக்கக் கைதான் இல்லை. அந்த மூன்று விரலால் ஜிப்பின் நுனியைப் பிடிப்பதாவது! துணையாள் பக்கத்திலேயே இருப்பான் என்ற நினைப்பில் மூடிய பை அது. குனிந்தால் தலை இழுத்துக்கொண்டு விழும். மண்டபத்தில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தத்திலேயே அது எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். நுரைக்குள் அந்தக் குளிர் எப்படி வரும்?

போகிற வருகிற யாரையாவது கூப்பிட்டுத் தலையைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். நினைத்தேன், நினைக்காமல் இல்லை. ஆனால் கழற்றினால் முகம் வெளியே வருமே! என் மகள் என்னை உரித்து வைத்தவள். அதே அகலமான மூக்கு, அதே சேர்ந்த புருவம். எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளோ எதிர்க் கடையில்தான் நிற்கிறார்கள். அவள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வலைக்கு வெளியே எல்லாம் வெளுத்துக்கொண்டு போயிற்று. முழங்கால் தானாக மடங்க, சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தேன். சுற்றி நின்ற பொடிசுகள் வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டின. "இன்னொரு தடவை!" என்றது ஒன்று. போதும்டா சாமி.

"அப்பா!"

மண்டபமே திரும்பிப் பார்த்திருக்கும். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. ஓடிவந்து மண்டிபோட்டுப் பிடரியில் கொக்கிகளைப் பிடுங்கினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடுப்பா! எடுன்னு சொல்றேன்ல!"

தலை கழன்றது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடித்தன. முன்னால் அவள் முகம், அவளுக்குப் பின்னால் அந்த மூன்று பேர்.

"அப்பா, என்னைப் பாருப்பா. என்னப்பா பண்ணுது?"

ஐயோ, போச்சு, மானம் போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. என்னுடையது போகட்டும், அவளுடையதையாவது காப்பாற்றிவிடலாம் என்று அந்த வெந்துபோன மூளைக்கு ஒரு யோசனை வந்தது. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா நீ? யாரை அப்பாங்கறே?" என்றேன். "நீ பை தூக்க வந்த பொண்ணுதானே?"

அதோடு விட்டேனா? அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்து, "நாள் கூலிதான் தம்பி," என்றும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். என் வாய்க்குக் கொண்டுவந்த குழல் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"கேட்டுடுச்சாப்பா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அத்தனை பேர் நடுவில் அப்பா என்று கத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? அவள் சொன்னதையே எடுத்து அவள் முகத்தில் திருப்பி எறிந்தவன் நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. குத்திக்காட்டச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

"எதும்மா?" என்றேன். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லை எனக்கு.

அவள் குழலை என் வாயில் வைத்தாள். அது பல்லில் இடித்தது. குடித்தேன். துண்டை நனைத்து நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணிலிருந்து என் கையுறைமேல் சொட்டியது.

"அங்கிள், டாக்டரைக் கூப்பிடவா?" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"எங்க அப்பாடி," என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே. "இது மொத்தமும் அவரே செஞ்சது."

எந்த அப்பனுக்கும் நெஞ்சு நிமிர வேண்டிய பேச்சு. எனக்கு நிமிரவில்லை. ஆமாம் என்று தலையாட்டக்கூட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிள்ளைகள் விலகிப் போனார்கள். பையன் மட்டும் திரும்பிவந்து, "சாரி அங்கிள்," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஒலிபெருக்கியில் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"வேணாம்ப்பா, வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள். "சாப்பிட்டுப் படு. எல்லாம் என்னாலதான்."

"தலையை எடும்மா."

"விளையாடறியா? இப்பதான் மயங்கி விழுந்தே."

"எடு. மாட்டு சீக்கிரம்."

மேடை ஆசை இன்னும் விடவில்லை என்று நினைத்திருப்பாள். மேடையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.