சந்தனம் பூசிய சக்கரம்

ஓடி ஓடிச் சைக்கிள் சக்கரம் இளைத்திருக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. ஸ்வாதி எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அதே எண்.

"ஜோதியக்கா, தேயவே இல்ல! நாளைக்கே ரிப்போர்ட் அனுப்பிடறேன். இனிமே நீங்க இதை ஓட்டவே வேணாம்!"

அந்த இளம் இன்ஜினியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜோதிமணி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

கௌதள்ளி என்ற சிற்றூரிலிருந்து மைசூருக்கு வாழ வந்தவள், இந்தப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று ஒருநாள் ஸ்வாதி கேட்டாள். தெரியும் என்றாள். அன்றிலிருந்து விடியற்காலை அவளுடையது. ரப்பர் டயர் தேயத் தேயக் கரித்தூளாய் உதிர்ந்து காற்றிலும் ஏரியிலும் கலக்கிறதாம். அதற்கு மாற்றாகக் கம்பிச் சுருளால் பின்னிய டயர் இது. காற்றடிக்க வேண்டாம், பஞ்சர் ஆகாது. தரையைத் தொடுகிற இடத்தில் செடிப்பிசினில் செய்த மெல்லிய தோல். அது எவ்வளவு தேய்கிறதென்று பார்க்க யாராவது ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே, அந்த யாரோதான் ஜோதிமணி.

என்ன சுகமான வேலை! அக்ரஹாரத்துத் தெருக்களில் கோலத்துக்குத் தெளித்த தண்ணீர் காய்ந்திருக்காது. கம்பிச் சக்கரம் தனக்குள் ஏதோ முனகிக்கொண்டு போகும். தசராவுக்குத் தொடுத்த விளக்குகள் ஒவ்வொரு தெருவாக அணைய, பனிக்குள் அவள் மிதந்து போவாள். மாமியாரும் அடுப்பும் ரேஷன் கடையும் வேறெந்த ஊரிலோ இருப்பதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் யாருமில்லை. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

தராசு ஏன் பொய் சொல்கிறதென்று அவளுக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று பட்டறையில் யாருமில்லை. ஊரிலுள்ள லாரி, ஆட்டோ எல்லாம் மாலை போட்டு நிற்க, தன்னைச் சுமக்கிற வண்டியை மட்டும் மொட்டையாக விட முடியுமா? கழுவி, குங்குமமிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, குழைத்த சந்தனத்தைக் கம்பிச் சந்துகளில் தாராளமாக அப்பினாள். மறுநாள் துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம்தான். உள்ளே காய்ந்தது காய்ந்தபடி இருந்துவிட்டது.

சொல்லாவிட்டால் சோதனை முடிந்தது, சைக்கிளும் போயிற்று. சொன்னால் காரியத்தைக் கெடுத்தவளென்று இவளே போக வேண்டியதுதான். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் அவளுக்கு. ஆனால் ரிங் ரோட்டோரத்துத் தன் வீட்டில் தினமும் ஜன்னலைத் துடைக்கிறவள் அவள். துணியில் ஒட்டுகிற கறுப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். தேயாதென்று பொய்யாகப் பேர் வாங்கிய டயர் ஊரெல்லாம் ஓடினால், அதன் தூள் யார் ஜன்னலில் போய் உட்காரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வராது.

"மேடம், அதுக்குள்ள சந்தனம் இருக்குதுங்க."

"என்ன சந்தனம்?"

"ஆயுத பூசைக்கு நாந்தானுங்க அப்புனேன். சாமி காரியம்னு செஞ்சுபோட்டனுங்க. எடையில வருமுன்னு தோணலீங்க."

ஸ்வாதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத்தாளை விரித்துச் சக்கரத்தை அதன்மேல் பிடித்துத் தட்டினாள். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. பட்டறையெங்கும் கோயில் வாசம். ஜோதிமணி பழைய பல்துலக்கி ஒன்றைக் கொண்டுவந்து சந்து சந்தாகத் தேய்த்துவிட்டாள். தன் வேலையைத் தானே உதிர்க்கிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

மறுபடி தராசு. எண் இறங்கியிருந்தது; டயர் தேய்ந்துதான் இருக்கிறது. நிறையவா, கொஞ்சமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். முன்சக்கரம் இல்லாத சைக்கிள் வாசலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

ஸ்வாதி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கை போன போக்கில், தாளில் கிடந்த சந்தனத்தை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். ஊரார் டயர்கள் ரோட்டில் உதிர்த்து, இந்தச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்ட கரியும் அதில் கலந்திருந்தது. மஞ்சளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது.