குதிருக்குள் இருந்த இடி

பிரஜோற்பத்தி வருஷம் ஐப்பசி பதினான்காம் தேதி, விளக்கு வைக்கும் நேரத்தில், அரிமளத்துக்குத் தெற்கே அடைக்கலம் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு இடி உள்ளே வந்தது. தவறு அவர் மனைவி மூக்காயியுடையது. தீபாவளிச் சீரோடு அண்ணன் வரவேண்டிய நாள் அது. அடைமழையில் கதவு அதிரவும், அடுப்படியில் இருந்தபடியே, "நனையாம உள்ள வாங்கண்ணே" என்றுவிட்டாள். கன்றுக்குட்டி அளவு நீல வெளிச்சம் ஈரத்தரையில் நடந்து போய்க் குதிருக்குள் இறங்கியது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் நெல் குதிர் காலியாகத்தான் இருந்தது. வாங்க என்று அழைத்ததை வெளியே போ என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது.

அதன்பின் யாரும் உரக்கப் பேசவில்லை. ஒருநாள் தட்டு ஒன்று கீழே விழ, குதிர் உறுமி, அடுக்குப்பானை ஏழும் விரிசல் விட்டன. அந்தத் தீபாவளிக்கு ஊரில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. மூக்காயிக்கோ நிறைமாதம். பிள்ளை பிறந்தால் அழுமே என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னப்பிள்ளை என்ற மருத்துவச்சி வாசலிலேயே நின்றாள். "நான் வாரேன்த்தா. பிள்ளை வாயை யாரு பொத்துறது?"

மாதக் கடைசியில், துணியைக் கடித்தபடி மூக்காயி பெற்றாள். பெண் குழந்தை. வாய் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் வரவில்லை. குதிர்தான் வெடித்தது. இடி கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறி, குழந்தை மார்பில் வாய் வைக்கும் வரை மேகமில்லாத வானத்தில் அழுதது.

பிள்ளைக்குச் செவந்தி என்று பேர் வைத்தார்கள். அவள் அழுகை அதற்குப் பிறகு மேலிருந்துதான் வந்தது. முதலில் காயப்போட்ட நெல்லை அள்ள ஓடிய ஊர், பிறகு "ஏ மூக்காயி, பிள்ளைக்குப் பாலைக் குடு" என்று கத்தப் பழகியது. பதினாறு வயதில் திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு சிற்றூரில் கட்டிக்கொடுத்தார்கள். தலைதீபாவளிக்கு அழைக்கப் போன அடைக்கலத்திடம், பெண்ணுக்குக் காய்ச்சல், பார்க்கவும் வேண்டாம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தீபாவளி விடியலில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேற்கே இடித்தது. உள்ளங்கை எண்ணெயோடு மூக்காயி வாசலுக்கு வந்தாள்.

"வண்டியப் பூட்டுங்க. இது காய்ச்சல்ல அழுகுற அழுகை இல்ல."

அடைக்கலத்தோடு பங்காளிகள் எட்டுப் பேர் போனார்கள். யாரும் குடை எடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் போட்டுப் பூட்டியிருந்தவளை, கதவை உடைத்து ஏற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் இடி திருமயம் ரோட்டில் கிழக்கு நோக்கி வந்தது. இப்போது வண்டி எந்தப் பாலம், எந்தப் புளியமரம் என்று ஊரார் வாசலில் நின்றே சொன்னார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு அதிர்ந்தது. மூக்காயி அடுப்படியில் இருந்தபடியே, "உள்ள வாத்தா" என்றாள்.