திரும்பி வரும் தேதி

"கள்ளத்தனமா தங்குனவன் எவனா இருந்தாலும் புடிச்சு ஏத்தி அனுப்பணும். சட்டம்னா சட்டம்!" என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டு நாகராசு கத்தினார். திரையில் இருந்த நாலு பேருக்கும் அது கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

இளைய மகன் பிரசாந்த் அன்று காலையில்தான் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான். பெண் பெயர் அன்புமொழி. கீரமங்கலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை ஒன்றில் மனு எழுதித் தருபவள். குடியிருப்பு, இலங்கை அகதிகள் முகாம்.

"நாடில்லாதவளக் கட்டிக்கிட்டு எந்த நாட்டுல குடித்தனம் பண்ணப் போற?"

"பெரியவன் மட்டும் எந்த நாட்டுல குடித்தனம் பண்றானாம்?" என்றாள் அவர் மனைவி ராசாத்தி, குழம்பை ஊற்றியபடி.

"அது வேற, இது வேற."

வேறுதான். பெரிய மகன் விக்ரம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதச் சுற்றுலா விசாவில் மலேசியா போனவன். இன்னும் சுற்றிப் பார்த்து முடியவில்லை. பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு ஏஜெண்டையே காணோம். போலீஸ் வண்டியைக் கண்டால் தோட்டத்துக்குள் ஓடி ஒளிகிற அந்த ஆளுக்குக் கீரமங்கலத்தில் 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்று பெயர். ஜாதகங்கள் வந்தபடி இருந்தன. நாகராசு பூ வியாபாரி. பூ சாயங்காலத்துக்குள் வாடும், மலேசியா மாப்பிள்ளை வாடமாட்டான் என்று எந்த ஜாதகத்துக்கும் பிடிகொடுக்காமல் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து விக்ரமே போனில் வந்தான். அங்கே அரசாங்கம் தவணை கொடுத்திருக்கிறதாம். தானாக முன்வந்தால் அபராதத்தோடு ஊருக்கு விட்டுவிடுவார்கள். தவணை தாண்டினால் பிடித்து உள்ளே போடுவார்கள்.

"நான் இந்தியாக்காரந்தான்னு காட்ட எம்பசியில ஒரு பேப்பர் கேக்குறாங்கப்பா. ஏதாச்சும் ஒண்ணு அனுப்புங்க."

நாகராசு பீரோவைத் திறந்தார். பையன் வீட்டில் பிறந்தவன். பிறப்பைப் பதியவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஏஜெண்டோடு போய்விட்டது. ஆதார் எடுக்க ஆள் ஊரில் இல்லை. மிச்சம் ரேஷன் கார்டு. அதில் விக்ரம் பெயரைக் காணோம்.

"இதுல பேரு எங்கிட்டுப் போச்சு?" என்றாள் ராசாத்தி.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன். மலேசியாவுல இருக்கவனுக்கு ரேஷன் அரிசியான்னு பங்காளிக சிரிப்பானுக. அதான், மகன் வெளிநாட்டுல நிரந்தரமா குடியேறிட்டான்னு எழுதிக் குடுத்தேன்."

"நல்லா எழுதுனீங்க. அந்தக் கடுதாசிய அனுப்புங்க, அவங்களே அவன வச்சுக்கிருவாங்க."

மறுநாள் நாகராசு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பிரசாந்த் பின்னாலேயே போனான். அன்புமொழியை விட்டால் இதற்கு வேறு ஆள் கிடையாது என்று தெரிந்ததுமே நாகராசுவுக்கு வியர்த்தது. பிடி அவள் கையில் இருக்கிறது; கல்யாணத்துக்குச் சரி என்றால்தான் பேனாவைத் திறப்பாள். அவராக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பார். மாட்டுச் சந்தையில் விலை பேசத் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிப்பவரைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டோ ரெண்டு கொண்டாந்தீங்களா, ஐயா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான் கேட்டாள். விக்ரம் படித்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அதில் ஒரு நகல் வாங்க வேண்டும், அப்பா அம்மாவின் உறுதிமொழி ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள். பேரம் பேசாத இடத்தில் நின்று பழக்கமில்லாத நாகராசுவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இம்புட்டும் ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்டுல சாமி படத்தவிட பேப்பர் கட்டுதான் அதிகம், ஐயா. இந்தா பாருங்க, இப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்திருந்தா அண்ணனுக்கு அலைச்சலே இல்ல."

நாகராசு வாங்கிப் பார்த்தார். புதுக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை.

"யாருது?"

"என்னுது."

"அட, அப்ப நீ இந்தியாக்காரிதானே!"

"உங்க மகன்ட்ட இது இருந்தா அவரு இந்தியாக்காரரு. என்ட்ட இருந்தா நான் பொறந்திருக்கேன், அம்புட்டுத்தான். அப்பாவும் அம்மாவும் மன்னார்லேருந்து படகுல வந்தவங்கல்ல."

"இங்கிட்டே ஒருத்தனக் கட்டிக்கிட்டா?"

"அப்பவும் இதே கதைதான், ஐயா. இப்ப இருக்க சட்டப்படி நாங்க கள்ளத்தனமா வந்தவங்க கணக்கு; தகப்பன் இந்தியாக்காரரா இருந்தாலும் எனக்குப் பொறக்குற புள்ளையும் என்ன மாதிரிதான். மாத்தணும்னு பேசுறாங்க. பேசிக்கிட்டே இருக்காங்க."

நாகராசு மேசையைத் தட்டினார்.

"அதெப்படி? பாட்டன் நான் இங்க, பூட்டன் இங்க. கீரமங்கலத்துல என் வீட்டுல பொறக்குற என் பேரன் எப்படி வெளிநாட்டுக்காரனாவான்? எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் வாரேன்!"

அன்புமொழி கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். பிரசாந்த் மெதுவாகச் சொன்னான்:

"அப்பா, பேரன் வரைக்கும் வந்துட்டீங்க. நடுவுல ஒரு கல்யாணம் இருக்கு."

சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லாத வியாபாரி அவர். "நாள் பாருங்கடா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தார்.

விக்ரம் ஊர் வந்து சேர்ந்தான். திருட்டுத்தனமாக ஒளிந்து கிடந்தவரை மாப்பிள்ளையாக இருந்தவன், சட்டப்படி திரும்பிய மறுநாளே வேலைவெட்டி இல்லாதவன் ஆனான். ஒரு ஜாதகமும் வரவில்லை.

நிச்சயதார்த்தம் முகாமில் நடந்தது. அன்புமொழியின் தகப்பனார் பெயிண்டர். ஊருக்கெல்லாம் சுவரடித்தவர், தன் ஒற்றை அறைக்கும் அன்றைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார். தட்டு மாற்றி முடிந்ததும், முகாம் காவலுக்கு இருக்கும் வீரய்யா ஒரு படிவத்தோடு வந்து தயங்கி நின்றார்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு வெளிய போறதுக்கு அனுமதி மனுங்க. எல்லாம் எழுதிருச்சு பாப்பா. ஒரு கட்டம் மட்டும் பாக்கி."

நாகராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'முகாமுக்குத் திரும்பி வரும் தேதி.'

"ஏம்ப்பா, கட்டிக் குடுத்து அனுப்புற பொண்ணுட்ட எப்பத் திரும்பி வருவேன்னு கேப்பாங்களா? நல்ல காரியத்துல கேக்குற கேள்வியா இது?"

"நானா கேக்குறேன்? ஃபாரம் கேக்குது. வெறுமனே விட்டா மேல வாங்கமாட்டாங்க." வீரய்யா குரலைத் தாழ்த்தினார். "மூணாம் நாள் மறுவீட்டுக்கு வருவாங்கள்ல? அந்தத் தேதியப் போட்டுருங்க. பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. அப்புறம் நீட்டிக்கிறலாம், மாசாமாசம்."

நாகராசுவுக்கு யோசனை பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் நஷ்டமில்லாமல் முடிகிற பேரம். பேனாவைத் திறந்தார்.

"மாமா, பேனாவக் குடுங்க" என்றாள் அன்புமொழி.

அந்த 'மாமா'வில் அவர் கொடுத்துவிட்டார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனுக்களில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியவள், இந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நேரான, அழுத்தமான கோடு. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

வீரய்யா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது செல்லாதும்மா."

"தெரியும்ண்ணே" என்றாள் அவள். "அப்படியே குடுத்துருங்க. மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க, எல போட்டாச்சு."