நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு, ஏறக்குறைய

உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு. ஏமாறுகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை நான்.

இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஆதாரம் இருக்கிறது. கல்லூரி ஆண்டு மலரில் 'வெளிநாட்டில் நம்மவர்' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பதினோரு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் பிழை திருத்துகிறவர்கள். வெளிநாட்டுக் கடையில் அட்டையை நீட்டினால் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: இந்த ஊர்ப் பணத்தில் எடுக்கவா, உங்கள் ஊர்ப் பணத்தில் எடுக்கவா? கும்பலில் தொலைந்த குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்த மாதிரி நம்மவர் ஓடிப்போய் நம் ஊர்ப் பணத்தை அமுக்குவார். அந்தப் பாசத்துக்கு மெஷின்காரன் நூற்றுக்கு ஏழு எடுத்துக்கொள்வான். கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். இந்த இடத்தில் கல்லூரி முதல்வரே சிரித்ததாகக் கேள்வி.

ஆகவே மாமாவுக்கு வெளிநாட்டில் கண் ஆபரேஷன் என்று முடிவானபோது, ஓட்டல் புக் பண்ணும் பொறுப்பு தானாக என்னிடம் வந்தது. வந்தது என்றால், நான் போய் எடுத்துக்கொண்டேன்.

மாமா என் அக்காவின் கணவர். வெல்டர். இடது கண் பிறவியிலேயே மங்கல்; வெளிச்சமா இருட்டா என்று மட்டும் சொல்லும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இருபது வருஷம் இரும்போடு இரும்பைச் சேர்த்தார். போன வருஷம் ஒரு பொறி கண்ணாடியின் ஓரமாக நுழைந்து அந்தக் கண்ணின் கருவிழியை வேகவைத்துவிட்டது. இறந்தவர் யாராவது தானம் கொடுத்த கருவிழியை வைத்தால் பார்வை திரும்பும். நம் ஊர்ப் பட்டியலில் மூன்று வருஷம் நிற்க வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று, வந்து தங்கிக் காத்திருங்கள் என்றது. கருவிழி வந்ததும் கூப்பிடுவார்கள். அன்று நாலு மணிக்குள் முன்பணம் முழுவதும் கட்டிச் சேர வேண்டும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் விசா பதினெட்டு நாள்.

பட்டறை கொடுத்த நஷ்டஈடு, அக்காவின் நகை, எதற்கென்று அம்மா கடைசிவரை சொல்லாத ஒரு சேமிப்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பயண அட்டை ஒன்றில் ஆறரை லட்சம் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்கு ஐந்து லட்சத்து எண்பதாயிரம். மிச்சத்தில் தங்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கையில் கொஞ்சம் மாற்றிய நோட்டு.

"டிராவல்ஸ்காரர் ஐம்பத்தெட்டாயிரம்னு சொல்றார்டா," என்றாள் அக்கா. "பன்னிரண்டு நாளைக்கு, எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல ஒரு காசு கேட்க மாட்டாங்களாம்."

"எல்லாம் சேர்த்துன்னா அவரையும் சேர்த்துன்னு அர்த்தம்." போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பாரு. நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

"விலைக்கு முன்னாடி என்னமோ புழு மாதிரி நெளியுதே?"

"அது ஏறக்குறையன்னு அர்த்தம்."

"ஏறுமா, குறையுமா?"

"நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும்க்கா. இதுக்குப் போய் பயந்தா டிராவல்ஸ்காரர் மாடி கட்டத்தான் செய்வார்."

மாமா கட்டிலில் படுத்தபடி சிரித்தார். "விடு. பேராசிரியர் பார்த்துக்குவார். நமக்கென்ன, நான் பார்க்கவா போறேன்?"

நிபந்தனைகள் பதினாலு பக்கம். ஒரு வரி விடாமல் படித்தேன். பதிமூன்றாம் பக்கத்தின் அடியில், காட்டப்படும் விலை உங்கள் வசதிக்காக மட்டுமே, ஓட்டல் தன் ஊர்ப் பணத்தில், பணம் கட்டும் நாளின் மதிப்பில், உள்ளூர் வரிகளோடு வசூலிக்கும் என்று இருந்தது. அதையும் படித்தேன். முதல் வகை மனிதர்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் ஒடுங்கலான நாலு மாடிக் கட்டடம். லிஃப்டில் இரண்டு பேர் நிற்கலாம், மூச்சு விடுவதாக இருந்தால் ஒருவர். வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை அச்செடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். அறை வாடகை. நகர வரி, ஆளுக்கு, நாளுக்கு. துப்புரவுக் கட்டணம். சேவைக் கட்டணம். அந்தச் சேவை என்ன என்று கேட்டேன். இந்தத் தாளைத் தயாரிப்பதும் அதில் அடக்கம் என்றாள். அவள் சிரிக்கவில்லை. அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"அறையில் ஏதாவது சேதமானால் எடுத்துக்கொள்ள, அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்போம். எடுக்க மாட்டோம். பிடித்து வைப்போம், அவ்வளவுதான்."

"வையுங்கள்," என்றேன். எடுக்காத பணத்துக்காக வாதாடுவது என் தகுதிக்குக் குறைவு.

மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்டது. இந்த ஊர்ப் பணத்திலேயே எடுங்கள் என்று பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். பின்னால் மாமாவும் அக்காவும்தான் நின்றார்கள். போனில் செய்தி வந்தது: ஐம்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். அவர்கள் பணம் டாலராகி, டாலர் நம் பணமாகி, ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒரு வாய் கடித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"எவ்வளவுடா?" என்றாள் அக்கா.

"டிராவல்ஸ்காரர் சொன்னதுக்கு ரெண்டாயிரத்து நூறு கம்மி."

கணக்கு சரியானதுதான். அட்டையின் செயலியில் இருப்பு ஐந்து லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நூறு என்று காட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போக மிச்சம் பதினாலாயிரம். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கருவிழி வந்துவிட்டது, நாளைக் காலை ஆபரேஷன், நாலு மணிக்குள் கட்டிச் சேருங்கள். மாமா யார் உதவியும் வேண்டாம் என்று தானே சட்டை போட்டுக்கொண்டார். ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டுவிட்டாள்.

"கட்டு பிரிச்சதும் முதல்ல உன் மூஞ்சியைத்தான் பார்க்கணுமா? வேற ஏதாவது ஏற்பாடு இருக்கா?"

"வாயை மூடிட்டு கையைத் தூக்குங்க," என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரிப்பைக் கேட்டேன்.

காசாளர் அட்டையைச் செருகினார். மெஷின் யோசித்தது. மறுத்தது. இன்னொரு முறை செருகினார். மறுத்தது.

"பணம் போதவில்லை," என்றார்.

"இருக்கிறது. பாருங்கள்." செயலியைக் காட்டினேன்.

அவர் நல்ல மனிதர். போனை வாங்கி, இருப்பு என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக் கீழே இழுத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் இன்னொரு வரி இருந்தது. பிடித்து வைக்கப்பட்டது: இருபத்து நாலாயிரம். பயன்படுத்தக்கூடியது: ஐந்து லட்சத்து எழுபதாயிரத்து நூறு.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் குறைந்தது.

கையிலிருந்த நோட்டெல்லாம் மூவாயிரம் தேறும். பாக்கியை நாளை கட்டுகிறோம் என்றேன். முழுத் தொகையும் ஏறாமல் கணினி சேர்க்கைப் பக்கத்தைத் திறக்காது என்றார். அக்கா காதில் மிச்சமிருந்ததைக் கழற்றத் தொடங்கினாள். காசாளர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டலுக்கு ஓடினேன். வரவேற்புப் பெண் உடனே விடுவித்தாள், தாள் கூட அச்செடுத்துக் கொடுத்தாள். நாங்கள் விட்டுவிட்டோம், உங்கள் வங்கி விட ஏழு வேலை நாள் ஆகலாம் என்றாள். ஊரிலிருந்த வகுப்புத் தோழன் இரண்டே நிமிஷத்தில் பத்தாயிரம் ஏற்றிவிட்டான். அட்டைக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: தங்கள் தொகை அடுத்த வேலை நாளில் வரவு வைக்கப்படும். தங்கள் பயணம் இனிதாகட்டும்.

திரும்பி வந்தபோது காசாளர் முன்னால் வேறொரு குடும்பம் நின்றது. பிளாஸ்டிக் பையில் கோப்பும், கையைப் பிடித்து நடத்தி வந்த ஒரு வயதான அம்மாளும். அவர்கள் அட்டையை மெஷின் ஏற்றுக்கொண்டது. எங்களைக் கூப்பிட்ட நர்ஸ் வந்து அக்காவின் தோளைத் தொட்டு, "வருத்தப்படாதீர்கள், அது வீணாகவில்லை," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு எதிரே சுவரில் பெரிய கடிகாரம்.

"நாலு ஆயிடுச்சா மச்சான்?"

"ஆயிடுச்சு மாமா."

"சரி, வாங்க போலாம். நின்னுட்டே இருந்தா அதுக்கும் ஏதாவது பிடிச்சு வைப்பாங்க."

மறுநாள் அக்கா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒரே ஒரு தடவை சொன்னாள்: "ஐம்பத்தெட்டாயிரம்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொன்னான்டா." திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரி கூப்பிடவில்லை. நான் செயலியைத் திறந்து அடி வரி வரைக்கும் இழுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. பிடித்து வைத்தது பிடித்து வைத்தபடியே இருந்தது. பட்டறைத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பினார்கள். எதற்குக் குறைந்தது என்று அவர்களுக்கு மாமா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் பெயர் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

பன்னிரண்டு நாள் முடிந்தது. விசாவில் இன்னும் ஆறு நாள். பட்டியலில் மாமா மறுபடி முதல் ஆள். நாளைக்கே வரலாம் என்றாள் நர்ஸ், வராமலும் போகலாம். அந்த ஆறு நாளைக்கு அறையை நீட்டிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பணத்தைத் தொடாமல் அட்டையில் மிச்சம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

காலையில் வரவேற்புக்கு இறங்கினோம். அக்கா மேலே பெட்டியோடு இருந்தாள், முடியாது என்றால் மூட்டை கட்டுவதற்கு. மாமா என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். நகர வரி, துப்புரவு, அந்தத் தாள், எல்லாம் சேர்த்தா என்று கேட்டேன். சேர்த்துத்தான் என்றாள். மறுபடி கேட்டேன். பொறுமையாக மறுபடி சொன்னாள். புதிதாக எதையும் பிடித்து வைக்க மாட்டோம் என்றும் சொன்னாள்.

மெஷினை என் பக்கம் திருப்பினாள். இடது பக்கம் அவர்கள் பணம். அதை அமுக்கினால் வங்கி தனக்குத் தோன்றிய நாளில், தனக்குத் தோன்றிய மதிப்பில் எடுக்கும். அநேகமாக இரண்டாயிரம் மிச்சமாகும். அநேகமாக. வலது பக்கம் நம் பணம், கடைசி இலக்கம் வரைக்கும் எழுதியிருந்தது.

"என்ன மச்சான், நிக்குது?" என்றார் மாமா. திரையின் வெளிச்சம் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல மாமா."

வலது பக்கத்தை அமுக்கினேன்.

"எவ்வளவு எடுத்தாங்க?"

"இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது."

"ஏறக்குறையவா?"

"இல்ல. சரியா அவ்வளவுதான்."

"அப்ப சரி," என்று மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டின் பக்கம் திரும்பினார்.