காபி மெஷின் பார்க்கப் போன ஞாயிறுகள்

ஒரே வீட்டில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி வாசற்படியில் நின்றுதான் பேசிக்கொள்வார்கள் என்றால் நம்புவீர்களா? அவள் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். அவன் பஸ் டிரைவர், விடியுமுன்னே வண்டி எடுக்கிறவன். சாயங்காலம் அவள் செருப்பை மாட்டும்போது அவன் வந்து தன்னுடையதைக் கழற்றுவான். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேங்க." "சரி, குடையை எடுத்துக்க." தாம்பத்தியம் அத்தோடு முடிந்தது. ஞாயிறு இருவருக்கும் லீவுதான், ஆனால் அதைத் தூக்கமும் அழுக்குத் துணியும் தின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று, "வீட்டுக்கு ஒரு காபி மெஷின் வாங்கலாமா, டாக்டரம்மா?" என்றான். நர்ஸை டாக்டரம்மா என்பது அவன் குசும்பு. "ஆனை விலை குதிரை விலை வேணாம். மட்டமும் வேணாம். நடுத்தரமா பாப்போம்."

கடையில் அவன் வேறு ஆளாக இருந்தான். மூடியைத் திறந்தான், தண்ணீர்த் தொட்டியை உருவிப் பார்த்தான், விற்பனைக்காரரைக் கேள்வி கேட்டே துளைத்தான். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்க மிதிக்கிறானா, கொல்றானா பாரு" என்று அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மனுஷன் இவ்வளவு பேசுவானா? அவன் தோள் தன் தோளில் இடித்தபோது, இந்த மெஷினை லேசில் வாங்க விடக்கூடாது என்று முடிவு கட்டினாள்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் கடை. அவளும் நொட்டை சொல்வதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஒன்று சத்தம் போடுகிறதாம். ஒன்றுக்குப் பால் நுரைக்கிற குழாய் குட்டையாம். காபித்தூள் அடைத்த டப்பி போடுகிற மெஷின் என்றால், டப்பி தீர்ந்தால் யார் ஓடுவதாம். ஒரு விற்பனைக்காரர் பொறுமை இழந்து, "மேடம், நீங்க காபி குடிப்பீங்கதானே?" என்றே கேட்டுவிட்டார். உண்மையில் அவளுக்குக் காபி மேல் அப்படியொன்றும் பைத்தியம் இல்லை. யாருக்கு வேண்டும் காபி?

பிறகு ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால், வீடெல்லாம் காபி வாசனை. சமையல் மேடையில் மெஷின் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே ஒற்றைக் கோப்பை, ஆவி பறக்க.

போன் அடித்தது. முதல் டிரிப் முடித்து, டிப்போவிலிருந்து அவன்தான். "எப்படி இருக்கு? டைமர் வெச்சிட்டு வந்தேன். இனிமே நீ உள்ள நுழையும்போது சூடா இருக்கும். உன்னைக் கடை கடையா இழுத்தடிச்சுட்டேன், பாவம். இனி ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கு."

ஒரு வாய் குடித்தாள். பாழாய்ப்போன காபி, அவ்வளவு நன்றாக இருந்தது. நொட்டை சொல்ல ஓர் இடம் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு மெஷின் வேணாங்க," என்றாள். "நீங்கதான் வேணும். உங்க பேச்சு வேணும். அதுக்குத்தான் ஒவ்வொண்ணையும் வேணாம் வேணாம்னேன்."

அந்தப் பக்கம் எஞ்சின் உறுமியது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வண்டி எடுக்கணும்மா," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. போன் கட்டானது.

அவள் படுக்கவில்லை. முகத்தைக் கழுவி, வேறு உடுப்பு மாற்றி, அவன் வண்டி வருகிற நிறுத்தத்தில் போய் நின்றாள். கண் எரிந்தது. பஸ் வந்தது. ஏறி, டிக்கெட் வாங்கி, அவன் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அவர்கள் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் எழுதியிருந்தது: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.

அவன் தலைக்கு மேலே இருந்த, பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு சிக்னலிலும் பார்த்தான். கூட்டம் ஏறியது, இறங்கியது. கடைசி நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு இன்னும் பாதி ஊர் தாண்ட வேண்டும். அவள் தூங்கிவிடாமல் இருக்க முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.