இரண்டாவது ஊதல்

அவனை இரண்டாம் முறை ஊதச் சொன்னேனா, இல்லையா என்பது எனக்கே இன்று சரியாக நினைவில்லை. சொன்னதாகத்தான் விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த பிறகு, சொன்னது போலவே ஒரு காட்சியும் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பஸ் டிப்போவில் நான் டைம் கீப்பர். காலையில் வண்டி எடுக்க வரும் ஒவ்வொரு டிரைவரும் என் ஜன்னலில் குனிந்து, குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவியில் ஊத வேண்டும். பூஜ்யம் காட்டினால்தான் சாவி. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர், குடியை விட்ட வருடம் சாப்பாட்டு டப்பாவோடு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"இனிமே குடிக்காதவங்க கூடத்தான் உக்காரணும்னு முடிவு பண்ணிட்டேன் சார். தேடிப் பாத்தா இங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

வேறு ஆளில்லாமல் எனக்குக் கிடைத்த இடம் அது. ஆனாலும் எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, அவனும் பேசவில்லை. அந்த மௌனத்தை நட்பு என்றே நினைத்திருந்தேன்.

பிறகு புது மெக்கானிக் வந்தான். வேலை முடிந்ததும் நேரே ஒயின் ஷாப்புக்குப் போகிறவன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. நெட்டையின் டப்பா மெல்ல ஒர்க் ஷாப் பக்கம் நகர்ந்தது. அங்கிருந்து வரும் சிரிப்பு என் ஜன்னல் வரை கேட்கும். நெட்டைக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்றே மாதத்தில் மெக்கானிக் அவனுக்கு 'மாப்ள' ஆகிவிட்டான். நான் அப்போதும் 'சார்'தான்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "குடிக்காதவங்க கூடத்தான்னு சொன்னியே?"

நெட்டை சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "அவன் குடிக்கிறான் சார். ஆனா ஒருநாளும் குடிச்சியான்னு என்னைக் கேட்டதில்ல. உங்க கூட உக்காந்தா, சோறு திங்கும்போதும் ஊதிட்டே இருக்கற மாதிரி இருக்கு."



அடுத்த வாரம் அவன் ஊதியபோது கருவி ஒன்பது காட்டியது. "இருமல் மருந்து சார், இப்பத்தான் குடிச்சேன்" என்றான். குரல் கட்டியிருந்தது. அப்படி யார் சொன்னாலும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வது வழக்கம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவனிடமும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததாக ஒரு ஞாபகம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்ததே, அதில் சந்தேகமே இல்லை. பேனாவை எடுத்தேன்.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி ஓடிவந்தான். "இன்னொரு தடவ ஊதட்டும் சார். வேணும்னா என்னை ஊதச் சொல்லுங்க, உங்க மெஷினே ஆடிப்போயிடும்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதியாச்சு" என்றேன்.

மறுபடி ஊதச் சொன்னேன், அவன் மறுத்துவிட்டான் என்று விசாரணையில் எழுதினேன். மெக்கானிக்கின் சாட்சியை யாரும் காதில் வாங்கவில்லை. "நீங்க குடிக்காத மனுஷன். உங்க வார்த்தை போதும்" என்றார் அதிகாரி.

நெட்டைக்கு வேலை போயிற்று. இப்போது சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். இன்றுவரை குடிக்கவில்லை என்கிறார்கள். மெக்கானிக் இன்னும் குடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டையின் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. நான் அதே ஜன்னலில் இருக்கிறேன்.