நாற்பத்தாறாம் அளவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு முறை சீருடைக்குப் படிவம் கொடுப்பார்கள். மேலே பெயர், நடுவில் அளவு, கீழே கையெழுத்து. ரோலர் இயந்திரத்தில் நிற்பதால் ரோலரக்கா என்று பெயர் வாங்கியவள், ஆறு வருடமாக அளவுக் கட்டத்தில் நாற்பது என்றே எழுதிக் கொடுத்து வந்தாள். உடம்பு நாற்பதைத் தாண்டி எவ்வளவோ காலமாகிவிட்டது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் துணி தைத்து வர இரண்டு மாதமாகும், அதற்குள் இளைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. துணி சொன்ன தேதிக்கு வந்துவிடும். இளைப்புதான் வராது.

வந்த பேண்ட்டின் இடுப்புப் பொத்தான் எட்டாது. அங்கே ஒரு ஊக்கைக் குத்திக்கொள்வாள். மேல்கோட்டின் நடுப் பொத்தான்கள் இரண்டும் பூட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதை மறைக்க வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்வாள்.

"என் சட்டைக்கெல்லாம் கால் முளைச்சிருச்சா?" என்று அவர் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவார். இவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

காலையில் ஒரு டீ. மதியம் எல்லாரும் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கும்போது இவள் இன்னொரு டீயோடு ஜன்னல் ஓரமாக நின்றுகொள்வாள். கேட்டால், "வீட்லயே முடிச்சிட்டேன்" என்பாள். நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் நேரே அடுப்படிக்குப் போவாள். பாத்திரத்தின் மூடியைக் கவிழ்த்து, அதிலேயே சோற்றை அள்ளி வைத்து, நின்றபடி தின்பாள். பிறகு ரொட்டி. பிறகு பிள்ளை மிச்சம் வைத்தது. தட்டில் போட்டால்தானே சாப்பாடு? மூடியில் வைத்துத் தின்றால் ருசி பார்ப்பது, அவ்வளவுதான். அப்புறம் எல்லாரோடும் உட்காரும்போது இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். "இவ காத்தைக் குடிச்சே ஊதுறா, பாவம்" என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அவள் இளைக்காமலும் இல்லை. மூன்று தடவை இளைத்திருக்கிறாள். தங்கச்சி கல்யாணத்துக்கு நாற்பது நாள் வெள்ளரிக்காயும் மோருமாகக் கிடந்து எட்டுக் கிலோ குறைந்தாள். கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் பதினொன்றாகத் திரும்பி வந்தது. போன எடை கூடவே துணைக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தது போல.

ரோலர் என்பது ஈரமான படுக்கை விரிப்பை வாங்கித் தேய்த்து, மறுபக்கம் காய்ந்த துணியாகத் தள்ளும் பெரிய சூட்டு இயந்திரம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே இழுப்பில் இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். இவளுக்கு எதிரே நிற்பவள் குச்சி. பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கு அடங்காத வாய். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு. கூடத்தில் வேறு எந்த ஜோடியும் அதைத் தொட்டதில்லை. உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ரோலரக்கா தலை நிமிர்ந்து நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

ஒரு புதன்கிழமை விரிப்போடு சேர்த்து அந்தத் தொளதொளச் சட்டையின் கை நுனியையும் ரோலர் கவ்வியது. குச்சி ஒரே பாய்ச்சலில் சிவப்புக் கம்பியை அடித்தாள். இயந்திரம் நின்றது. சட்டை முழங்கை வரை கிழிந்து போனது. கைக்கு ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்து கிழிந்த சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டை விலகிய இடத்தில் இடுப்பு ஊக்கும் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது? ரோலர்கிட்ட ஊக்கு, தொங்குற சட்டை. கை போனா யாரு பதில் சொல்றது?"

"இனிமே கவனமா இருக்கேன் சார்."

"கவனமெல்லாம் வேணாம். கிடங்குல கேட்டு வாங்கி, திங்கக்கிழமை உடம்புக்குச் சரியான துணியோட வாங்க. இல்லைன்னா அழுக்குப் பக்கம் மாத்திருவேன். கோவிச்சுக்காதீங்க."

அழுக்குப் பக்கம் என்றால் ரத்தமும் மற்றதும் பட்ட துணியைப் பிரிக்கும் இடம். ஆனால் அவள் பயந்தது அதற்கு மட்டுமல்ல. சரியான அளவை எழுதினால், இனி நான் இப்படித்தான் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? நாற்பது என்று எழுதும் வரைக்கும் இளைக்கப் போகிறவள். நாற்பத்து எத்தனையோ என்று எழுதிவிட்டால் வெறும் குண்டுப் பொம்பளை.

எனவே வழக்கமான புத்தி வழக்கமான வழியில் போனது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் படவிடவில்லை, நாலரை மணிக்குக்கூட. இரண்டு நாளில் ஆறு வருடத்தைக் கரைக்கப் பார்த்தாள்.

வெள்ளி மதியம் விரிப்புகள் கோணலாக உள்ளே போய்ச் சுருங்கிச் சுருங்கி வந்தன.

"அக்கா, உன் மூலை தொங்குது."

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன்டி."

"கை நடுங்குது, சரியாப் பிடிச்சாளாம்! என்ன சாப்பிட்ட இன்னைக்கு?"

"வீட்லயே..."

"பொய். ஆறு வருஷமா அதே பொய். கொஞ்சம் மாத்தியாவது சொல்லக் கூடாதா? ஒல்லியா இருக்கறவளுக்கு மட்டும்தான் பசிக்கணும்னு சட்டமா?"

ரோலரக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குச்சி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் துணிக் கிடங்கில் விட்டாள். போகிற வழியில் தன் டப்பாவிலிருந்த ஒரு ரொட்டித் துண்டை அவள் வாயில் திணித்தாள். மென்றுகொண்டே போனதால் அழ முடியவில்லை.

கிடங்குக்காரம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். டேப்பை எடுத்தாள்.

"நம்பரைச் சத்தமாச் சொல்லாதீங்கம்மா."

"ஏன், உள்ள எலி ஒட்டுக் கேட்குதா? கையத் தூக்கு. எத்தனையோ பேரை அளந்துட்டேன், இந்த டேப்புக்கு வெக்கமே வந்ததில்ல. உனக்கு மட்டும் என்ன?"

அளந்து முடித்துப் படிவத்தை நீட்டினாள். "நீயே எழுது."

எழுதினாள். நாற்பத்தாறு. எழுதிய பிறகும் கூரை அதே இடத்தில் இருந்தது.

கையிருப்பில் அந்த அளவு இரண்டு ஜோடி இருந்தது. திரைக்குப் பின்னால் மாற்றினாள். எல்லாப் பொத்தான்களும் முனகாமல் பூட்டிக்கொண்டன. அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது. செருப்பு வாரைச் சரி செய்ய அதில் உட்கார்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். ஊக்கு குத்தவில்லை. இடுப்பு வெட்டவில்லை. இத்தனை வருடம் சீருடையோடு ஒரு நாளும் முழுசாக உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலையிடத்தில் ஜன்னல் ஓரம் நின்றது, வீட்டில் பையை இறக்காமல் துணியும் மாற்றாமல் அடுப்படியில் நின்றது எல்லாவற்றிலும் வீம்பு பாதி என்றால், உட்கார்ந்தால் ஊக்கு தெறிக்குமே என்ற பயம் மீதி.

திங்கட்கிழமை டப்பா கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சாப்பிட்டாள். முதல் இரண்டு நாள் யாரோ எண்ணிக்கொண்டிருப்பது போலிருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் அவரவர் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலரை மணிப் பசி செத்துப் போகவில்லை. ஆனால் பேயாக வந்து கொண்டிருந்தது விருந்தாளியாக வந்தது. பையை இறக்கிவைக்கும் வரை பொறுத்தது. எடை குறைந்ததா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று விரதமும் இல்லை. மறந்து போனது.

இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரின் தங்கை வந்திருந்தாள். வாசலிலேயே, "என்ன அண்ணி, போன தடவைக்கு இன்னும் பூசின மாதிரி இருக்கீங்க!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கிளம்பியதும் ரோலரக்கா அடுப்படியில் நின்றபடி ஒரு பாக்கெட் ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்தாள். ருசிகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை பழைய நியாயம் மண்டைக்குள் எழுந்து நின்றது. நேற்றுத் தின்றதற்கு இன்று பட்டினி. டப்பாவை மேடையிலேயே விட்டுவிட்டு வாசல் வரை போய்விட்டாள். பட்டினி கிடந்தால் விரிப்பின் மூலை தொங்கும். மூலை தொங்கினால் சாயங்காலம் இன்னொரு ரொட்டி. அந்தப் பாதை அவளுக்கு மனப்பாடம். திரும்பி வந்து டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள்.

மதியம் குச்சிக்கு எதிரே உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்தாள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் ஒரு முழு ரொட்டியும் தின்னுட்டேன்டி. நின்னுக்கிட்டே."

குச்சி மெல்லுவதை நிறுத்தினாள். "வெண்ணெய் தடவியா?"

"சும்மாதான்."

"ஐயோ, அநியாயம்! வெறும் ரொட்டிய எவ தின்னுவா?" என்றவள் ரோலரக்காவின் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு முட்டையா? ஒண்ணு எனக்கு."

"போடி. எனக்குப் பசிக்குது" என்று சொல்லி ரோலரக்கா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.